சாரத்தில் கட்டிய துணி

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். முழங்கால் வழக்கம்போல முணுமுணுக்கிறது, மற்றபடி நலம். நீயும் உன் லாரிக்காரரும் சுகம்தானே? கடையில் தையல் வேலை குவிந்து கிடக்கிறதாமே, கண்ணைப் பார்த்துக்கொள்.

இங்கே பெரிய செய்தி, எங்கள் பூங்காவின் மணி போய்விட்டது. எங்கள் மணி என்று சொன்னாலும் அது பக்கத்துச் சர்ச்சின் மணிதான். உன் அண்ணன் கேட்டில் வேலை பார்த்த காலத்திலிருந்தே உனக்குத் தெரியும். சர்ச்சையும் பூங்காவையும் ஒரே சீமாட்டி ஒரு மதிலின் இரண்டு பக்கமும் ஏற்படுத்திக் கொடுத்தபோது, பூங்காவுக்குத் தனியாக மணி வேண்டாம், சர்ச்சின் சாயங்கால மணி அடித்ததும் எல்லோரும் வெளியேறட்டும் என்று எழுதி வைத்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாக ஊரே அதற்குப் பழகிவிட்டது. மணி அடித்தால் பெஞ்சிலிருந்து எழுந்து நடையைக் கட்டுவார்கள். நான் சாவியை ஆட்டிக்கொண்டு கேட்டில் நின்றால் போதும்.

போன வாரம் கோபுரத்திலிருந்து ஒரு கல் இலை உடைந்து, எங்கள் குளத்தங்கரை பெஞ்சின் மேல் விழுந்தது. அந்த ஊசிக் கோபுரத்தின் விளிம்பெல்லாம் வரிசையாக இலை செதுக்கியிருக்குமே, அதில் ஒன்று. நல்ல வேளை, பெஞ்சில் யாரும் இல்லை. ஏறிப் பார்த்தால் மேலே நிறைய விரிசலாம். மணியை இறக்கிவிட்டார்கள், சாரம் கட்டுகிறார்கள். வேலை முடிய வருஷக் கடைசி ஆகுமாம்.

வருஷக் கடைசியை நானும் மறக்கவில்லை. டிசம்பரில் இந்த வேலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். சொன்னால் சொன்னதுதான். உன் அண்ணன் போன அன்றைக்கு என் கையைப் பிடித்து, "நான் இருக்கேன் அண்ணி"ன்னு சொன்ன ஒரே ஆள் நீ. மாடி அறைக்கு என்ன நிறம் அடிக்கப் போகிறாய்?

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 26

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம், தையல் மிஷினும் நலம். இவர் லோடு ஏற்றிக்கொண்டு போனவர் இன்னும் திரும்பவில்லை, போனில் குரல் மட்டும் நலமாக இருக்கிறது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா, எனக்கு எழுதுவதோடு சரியா?

நான் ஏன் போன் செய்வதில்லை என்று கோபிக்காதீர்கள். போனில் நீங்கள் "சரிம்மா, வச்சிடட்டுமா"வைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. காகிதத்தில்தான் உங்கள் வாய் திறக்கிறது.

அறைக்கு வெளிர் பச்சை. பூங்காவை விட்டு வருகிறவருக்கு வெள்ளைச் சுவரைக் காட்டினால் பாவம் இல்லையா? ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஒற்றைக் கட்டில் ஒன்று செய்யச் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து பட்டன்கூடத் தைக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும். இந்த வீட்டில் என்னைத் தவிரப் பேசுவது ரேடியோ ஒன்றுதான். அதுவும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

மணிக்கு ஏன் கவலை? அண்ணனின் பித்தளை விசில் இருக்குமே, எடுத்து ஊதுங்கள். தெருக்கோடி வரை கேட்கும். சின்ன வயதில் என் காதுக்குள்ளேயே ஊதியிருக்கிறார், அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள்
சிட்டு


மார்ச் 21

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீ நலமா? லாரிக்காரர் வீடு வந்து சேர்ந்தாரா?

நீ சொன்னபடி விசிலை எடுத்துத் துடைத்து ஊதினேன். நாய்கள் ஓடி வந்தன, மனுஷர்கள் அசையவில்லை. பாதிரியார் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். சைரன் வைக்கலாம் என்றார் எங்கள் மேற்பார்வையாளர். இது பூங்காவா தீயணைப்பு நிலையமா என்று நடைப்பயிற்சிக்காரர்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். விசிலைத் திரும்பவும் உன் அண்ணன் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டு, தினமும் மூலை மூலையாக நடந்து ஆட்களைக் கிளப்பினேன். முழங்கால் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டது.

ஒருநாள் சுற்றி முடித்துக் கேட்டைச் சாத்தப் போகிறேன், வானத்திலிருந்து ஒரு குரல். "அம்மா! பூட்டாதீங்க! கண்ணாடி வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பேரு இருக்காங்க!" நிமிர்ந்தால் சாரத்தின் உச்சியில் கல் வேலை பார்க்கும் மேஸ்திரி. செடி வளர்க்கும் எங்கள் கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். புதுக் காதலர்கள். கோபுரமே விழுந்திருந்தாலும் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் அந்த மேஸ்திரி மதிலில் இருக்கும் சின்னக் கம்பிக் கதவு வழியாக வந்து ஒரு யோசனை சொன்னார். லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டுவார்களே, அப்படி ஒன்று அவரிடம் இருக்கிறது. குளத்துப் பக்கம் ஆள் இருந்தால் சாரத்தின் இடது மூலையில் கட்டுவார், கண்ணாடி வீட்டுப் பக்கம் இருந்தால் வலது மூலையில். எல்லோரும் போன பிறகு அவிழ்த்துவிடுவார். துணி இருந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது, இல்லாவிட்டால் பூட்டலாம். உச்சியிலிருந்து பார்த்தால் பூங்கா முழுக்க உள்ளங்கை மாதிரி தெரிகிறதாம்.

ஒரு வாரமாக நிமிர்ந்து பார்ப்பதோடு என் வேலை முடிகிறது. முழங்கால் அவரை வாழ்த்துகிறது.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 8

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். இவர் வந்தார், குளித்தார், தூங்கினார், போய்விட்டார்.

துணி யோசனை பிரமாதம். இங்கே என் கடைக்கும் அப்படி ஒருவர் வேண்டும், அவசரத் துணி கொடுக்கிற வாடிக்கையாளர் தெருமுனையில் வந்தாலே கொடி காட்டுவதற்கு. கட்டில் வந்துவிட்டது. உங்கள் அறையின் ஜன்னலுக்குத் திரை தைக்கிறேன், நீங்கள் பார்க்காமல் துணி எடுத்துவிட்டேன் என்று கோபிக்கக் கூடாது. வெயில் ஏறுகிறது, தொப்பி போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

உங்கள்
சிட்டு


மே 17

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் முழங்கை இரண்டும் சிராய்த்துக் கிடக்கிறது. கதையைக் கேள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் சாரத்தின் வலது மூலையில் துணி தொங்கியது. கண்ணாடி வீட்டுக்குப் போனேன், ஆள் இல்லை. பின்பக்கம் போனேன், இல்லை. திரும்பிப் பார்த்தால் துணி அப்படியே இருக்கிறது. பெஞ்சுக்குக் கீழே குனிந்தேன், பெரணிச் செடிகளுக்குள் தவழ்ந்தேன். "யாரா இருந்தாலும் வெளியே வாங்க, ஒண்ணும் சொல்லமாட்டேன்!" என்று செடிகளிடம் கெஞ்சினேன். ஏதாவது குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதோ என்று தோன்றியதும் கத்தினேன். மேஸ்திரி சர்ச்சுக்குள்ளிருந்து சுத்தியலோடு ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஆள் எங்கே?"

"எந்த ஆளு?"

"துணி தொங்குதே!"

நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அது அழுக்கா இருந்துச்சும்மா. உங்க கண்ணுக்குத் தெரியாமப் போயிடுமோன்னு துவைச்சுக் காயப்போட்டேன்."

"காயப்போட இந்த ஊர்லயே வேற இடம் கிடைக்கலையா உங்களுக்கு?"

அவர் சுத்தியல் பிடியால் தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிட்டு, நான் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது தெரியுமா? தண்டனையாக அன்றைக்குக் கேட்டின் மேல் தாழ்ப்பாளை அவரே போட்டார். உன் அண்ணன் போன பிறகு நான் ஸ்டூல் போட்டு ஏறித்தான் அதை எட்டுகிறேன்.

இப்போது தினமும் வேலை முடிந்ததும் பிளாஸ்கோடு வருகிறார். டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார், குடிக்க முடியவில்லை, குடித்துவிடுகிறேன். மனைவி இறந்து வெகு காலம் ஆகிறது. ஒரே மகள், வெளியூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். உடைந்த கல் இலைக்குப் பதில் புதிதாகச் செதுக்க வேண்டும், ஆனால் பழையவை மழையில் தேய்ந்து என்ன இலை என்றே தெரியவில்லையாம். பூங்காவிலிருந்து ஒன்று கொடுங்கள் என்றார். தேடிப் பார்த்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன். இலை கிள்ளுகிறவர்களை விரட்டத்தான் எனக்குச் சம்பளம். நீ யாரிடமும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 4

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நலம். முழங்கைக்கு மருந்து போட்டீர்களா?

உங்கள் கடிதத்தைப் போனில் இவருக்கு வாசித்துக் காட்டினேன். லாரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். அண்ணன் இருந்திருந்தால் அந்த மேஸ்திரியை ஒரு வழி பண்ணியிருப்பார். "என் கேட்டுத் தாழ்ப்பாளைத் தொட நீ யாருய்யா"ன்னு சாவிக்கொத்தோடு போயிருப்பார். நினைத்து நினைத்துச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

டிசம்பரில் எந்தத் தேதி? சொன்னால் இப்போதே டிக்கெட் எடுத்துவிடுவேன்.

உங்கள்
சிட்டு


ஜூலை 29

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை.

மழை நன்றாகப் பெய்கிறது. சர்ச் கூரையோரத்தில் வாயைப் பிளந்து நிற்கும் கல் மிருகங்கள் இருக்கின்றனவே, கூரைத் தண்ணீர் முழுக்க அவற்றின் வாய் வழியாகக் கொட்டுகிறது. ஒன்றின் தாடை போன வருஷம் உடைந்திருந்தது, இப்போது ஒட்டியாகிவிட்டது. கூர்முனை ஜன்னல்களுக்குப் புதிய ஈயம் வைத்துக் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். சாயங்காலம் உள்ளே விளக்குப் போட்டால் எங்கள் நடைபாதை ஈரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கிறது. குளம் நிரம்பிவிட்டது. அக்டோபர் கடைசியில் மணி திரும்ப ஏறிவிடும் என்கிறார்கள். மழைக்கு அடிக்கடி டீ வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பெரிய பிளாஸ்க் வாங்கிவிட்டேன்.

டிசம்பரில் வந்துவிடுவேன். தேதி பிறகு சொல்கிறேன். கட்டாயம் வருவேன், சந்தேகமே வேண்டாம். பெட்டிகூடத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 6

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நலம்.

ஒட்டியாகிவிட்டது, பொருத்துகிறார்கள், ஏறிவிடும். இத்தனை வேலையையும் கல் மிருகங்களே செய்கின்றனவா? மேஸ்திரி எங்கே போனார்? தனி ஆளுக்கு எதற்குப் பெரிய பிளாஸ்க்?

கேட்டேன் என்று கோபிக்காதீர்கள். மறைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

சிட்டு


ஆகஸ்ட் 20

சிட்டு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூனில் உன் கடிதம் வந்தபோது மேஸ்திரியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உன் அண்ணன் சாவிக்கொத்தோடு வருவார் என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதப் பேனாவை எடுத்தால் மழையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

கோபுர வேலை முடிந்ததும் அவருடைய ஆட்கள் வேறு ஊர் வேலைக்குப் போகிறார்கள். பராமரிப்புக்கு ஒரு ஆள் இங்கேயே வேண்டும் என்று பாதிரியார் அவரைக் கேட்டிருக்கிறார். அவர் என்னிடம் வந்து, "நீங்க டிசம்பர்ல போறது உறுதின்னா நானும் போயிடுறேன். நீங்க இருந்தா இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். போகிறேன் என்றுதான் நான் சொன்னேன். உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அறைக்கு நிறம் அடித்துவிட்டாய், திரை தைத்துவிட்டாய்.

எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை, உனக்கே தெரியும். உன் அண்ணன் வழியாக வந்த உறவு நீ ஒருத்திதான். நான் உன் அண்ணன் இடத்தில் இன்னொருவரை வைத்துவிட்டேன் என்று நீ நினைத்துவிட்டால், எனக்கு எழுத ஒரு விலாசம்கூட இருக்காது.

டிக்கெட் எடுத்துவிடு. வருகிறேன்.

இப்படிக்கு


செப்டம்பர் 24

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலமா? பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி போட்டால் போதும்.

சாரத்தைப் பிரிக்கிறார்கள். மேலே இருந்து ஒவ்வொரு தட்டாகக் குறைகிறது. துணி கட்டும் இடமும் கீழே கீழே இறங்குகிறது. இப்போது அங்கிருந்து குளம் மட்டும்தான் தெரிகிறதாம், கண்ணாடி வீட்டுப் பக்கம் நானே நடந்து போய்ப் பார்த்துக்கொள்கிறேன். புதிய கல் இலையை ஏற்றிவிட்டார்கள். கீழேயிருந்து பார்த்தால் மற்றவை எல்லாம் கறுத்துத் தேய்ந்திருக்க, அது ஒன்று மட்டும் வெளுப்பாக, கொழுத்துத் தெரிகிறது. நான் கிள்ளிக் கொடுத்த இலை.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


அக்டோபர் 10

என் அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். இத்தனை நாள் எழுதாதது வேலையால் அல்ல.

உண்மையைச் சொல்கிறேன். கோபம் வந்தது. அண்ணனுக்கு நான் தங்கை, எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? உங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அண்ணனை எல்லோரும் மறந்துவிடுவார்கள் போல இருந்தது. என்னையும் சேர்த்துத்தான். நீங்கள் வருவீர்கள் என்று நான் எவ்வளவு எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அப்புறம் உங்கள் கடிதங்களை முதலிலிருந்து எடுத்து வாசித்தேன். துணியைத் துவைத்துக் காயப்போட்ட கதை வந்ததும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு நீங்கள் எனக்கு எழுதியதிலேயே அந்த ஒன்றில்தான் என் பழைய அண்ணி இருக்கிறார். சிரிக்கிற அண்ணி, வம்புக்குப் போகிற அண்ணி. கடைசி இரண்டு கடிதத்தின் கீழே நீங்கள் அண்ணி என்று போடவே இல்லை. மற்றதெல்லாம் ஆறிவிட்டது, அதுதான் ஆறவில்லை. யாரைக் கேட்டு அந்தப் பேரை விட்டீர்கள்? அது அண்ணன் கொடுத்த பேர் இல்லை, நான் கூப்பிட்ட பேர். நான் சொல்லாமல் போகாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். அதில் நல்ல சிவப்பில் ஒரு துணி இருக்கிறது. நாலு பக்கமும் மடித்துத் தைத்து, கட்டுவதற்கு மூலையில் நாடா வைத்திருக்கிறேன். சாயம் போகாது, எனவே உங்கள் மேஸ்திரி துவைத்துத் தொலைக்கலாம். எங்கே கட்டுவது என்பது உங்கள் பாடு.

அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வேண்டும். அண்ணனின் விசிலை அனுப்பிவிடுங்கள். இத்தனை வருஷம் அண்ணனை நீங்கள் ஒருத்தியே பார்த்துக்கொண்டீர்கள், இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் தனிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு நான் சண்டை போட வேண்டிய ஆள் நீங்கள் இல்லை, லாரிக்காரர். போட்டுவிட்டேன். வாரா வாரம் வீடு திரும்புகிற மாதிரி ரூட் மாற்றிக் கேட்டிருக்கிறார். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, டிசம்பரில் நீங்கள் வந்துதான் ஆக வேண்டும். தங்கிவிட்டுத் திரும்பிப் போங்கள். ஒற்றைக் கட்டிலை மாற்றச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தலையணைக்கு உறை தைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

என்றும் உங்கள்
சிட்டு


நவம்பர் 2

அன்பான சிட்டுவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம், முழங்கால் உட்பட. லாரிக்காரருக்கு என் அனுதாபங்கள்.

விசில் தனிப் பொட்டலத்தில் வருகிறது. துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். ஊதிப் பார், நாய்கள் கட்டாயம் வரும். உன் அண்ணன் படத்துக்குக் கீழே ஆணி மட்டும் இருக்கிறது, அதைப் பிடுங்க மனமில்லை. உன் கடிதத்தை அதில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று மணி திரும்ப அடித்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் அடி விழுந்ததும் குளத்தங்கரையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள், ஒருவர் கைகூடத் தட்டினார். ஒரே ஒரு முறை சாவியை ஆட்டினேன், பூங்கா காலியாகிவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறிப் பெரிய கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டேன். சாரம் முழுதாகப் பிரித்தாகிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் கடைசி லாரி நிற்கிறது, மேஸ்திரியின் ஆட்கள் பலகைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சுத்தியலையும் உளிகளையும் கோணிப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். போகிறேன் என்று நான் சொன்ன பிறகு அவர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை.

எனக்கு வாயைத் திறந்து கூப்பிடத் தைரியம் வரவில்லை. உன் துணியை எடுத்து மதிலில் இருக்கும் அந்தக் கம்பிக் கதவில், அவர் கண்ணில் படுகிற மாதிரி கட்டினேன். நாடா நல்ல நீளம் வைத்திருந்தாய், அதனால் முதல் தடவையிலேயே முடிச்சு விழுந்துவிட்டது.

அவர் பார்த்தார். துணியைப் பார்த்தார், கோபுரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், கதவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"மணி அடிச்சு எல்லாரும் போயாச்சே. இன்னும் யாரு உள்ள இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றேன்.

கோணிப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்புடன்,
உன் அண்ணி